ஒரு ஏ4 தாளை வைத்து ஓவியத்தைச் சுவரில் மாட்டிக் காட்டுவது எப்படி?

இணையத்தில் ஓவியம் விற்கத் தொடங்கிய புதிதில், வாங்கிய ஒருவர் அனுப்பிய செய்தி இன்னும் மறக்கவில்லை. “ரொம்ப அழகா இருக்கு. ஆனா இவ்வளவு சின்னதா இருக்கும்னு நினைக்கலை.” விற்பனைப் பக்கத்தில் 40 × 30 செ.மீ. என்று தெளிவாகத்தான் போட்டிருந்தேன். அவரும் படித்திருக்கிறார். படித்து என்ன செய்ய? செல்போன் திரையில் உள்ளங்கை அளவு ஓவியமும் கதவளவு ஓவியமும் ஒரே அகலத்தில்தான் தெரிகின்றன.

அதற்குப் பிறகுதான் ஓவியத்தை அறைச் சுவரில் மாட்டியதுபோல் காட்டும் படங்களைச் செய்ய ஆரம்பித்தேன். முதலில் செய்தவற்றை இப்போது எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. நல்ல சோபா, மெத்தென்ற திண்டு, ஜன்னலோரச் செடி எல்லாம் இருந்தன. ஓவியத்தின் அளவு மட்டும் கண்ணால் குத்துமதிப்பாக வைத்தது. அளவு பொய்யென்றால் அந்தப் படமே வேண்டியதில்லை.

இப்போது நான் செய்யும் முறைக்குத் தேவையானவை கொஞ்சம்தான்: செல்போன், அளவு நாடா, மாஸ்கிங் டேப், ஒரு ஏ4 தாள். படத்தைத் திருத்த ஜிம்ப் அல்லது ஃபோட்டோபீ. ஜிம்ப்பைக் கணினியில் நிறுவ வேண்டும். ஃபோட்டோபீ பிரவுசரிலேயே திறக்கும். இரண்டுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

படி 1: ஓவியத்தை நேராகப் படமெடுங்கள்

ஓவியத்தைச் சுவரில் சாய்க்காமல் மாட்டி, அதன் நடுப்புள்ளியின் உயரத்தில் கேமராவைப் பிடியுங்கள். பகல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். கண்ணாடி போட்ட ஓவியம் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுங்கள், இல்லையென்றால் நீங்களும் படத்தில் இருப்பீர்கள்.

பிறகு ஓரத்தை ஒட்டி வெட்டுங்கள்; ஃபிரேம் இருந்தால் அதன் வெளி ஓரத்தை ஒட்டி. வெட்டியதும் ஒரு சோதனை. ஃபிரேம் இல்லாத 60 × 45 செ.மீ. ஓவியத்தில் அகலத்தை உயரத்தால் வகுத்தால் 1.33 வரும். ஃபிரேம் இருந்தால் அதன் வெளி அளவை வகுங்கள். வெட்டிய படத்தின் பிக்சல் அகலத்தையும் உயரத்தையும் வகுத்தாலும் அதுவே வர வேண்டும். வரவில்லை என்றால் கேமரா கோணலாக இருந்திருக்கிறது. கோணலை நிமிர்த்தும் பெர்ஸ்பெக்டிவ் கருவியால் மூலைகளை இழுத்துச் சரிசெய்யலாம், ஆனால் திரும்ப எடுப்பதுதான் சுலபம்.

படி 2: தாளை ஒட்டிவிட்டு அறையைப் படமெடுங்கள்

முழு வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. மற்றதில் அவசரப்பட்டாலும் இதில் நிதானமாக இருங்கள்.

ஏ4 தாள் என்பது ஐஎஸ்ஓ 216 என்ற தரத்தில் வருவது. எந்தக் கடையில் வாங்கினாலும் 29.7 × 21 செ.மீ. அதைச் சுவரில் படுக்கை வாட்டில், சுருக்கம் இல்லாமல், மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். எங்கே ஒட்டுவது? ஓவியம் தொங்கப்போகும் இடத்திலேயே. தாளின் நடு தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். பல காட்சிக்கூடங்களில் ஓவியத்தின் நடுவை ஏறத்தாழ இந்த உயரத்தில்தான் வைக்கிறார்கள். நிற்பவரின் கண் மட்டத்துக்கு அது தோதாக இருக்கும். இப்படி ஒட்டினால் அளவு, உயரம் இரண்டும் ஒரே தாளில் கிடைத்துவிடும். பிறகு ஓவியத்தை மேலே வைக்கும்போது தாளும் மறைந்துபோகும், அழிக்கிற வேலை மிச்சம்.

“அறையில்தான் சோபா இருக்கிறதே, அதன் நீளத்தை அளந்து கணக்குப் போட்டால் ஆகாதா?” என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. முதல் படங்கள் எல்லாம் கெட்டுப்போனது அதனால்தான். சோபாவின் முன் விளிம்பு சுவரில் இல்லை. சுவரிலிருந்து சுமார் 90 செ.மீ. முன்னால் இருக்கிறது. நீங்கள் சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்று எடுக்கிறீர்கள் என்றால், அந்த விளிம்பு கேமராவிலிருந்து 2.1 மீட்டரில்தான் இருக்கிறது. அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும். எவ்வளவு பெரிதாக? 3-ஐ 2.1-ஆல் வகுத்துப் பாருங்கள்: 1.43 மடங்கு. அந்தக் கணக்கில் 60 செ.மீ. ஓவியத்தை வைத்தால் படத்தில் அது 86 செ.மீ. ஓவியம்போல் தெரியும். வாங்கியவர் பெட்டியைப் பிரித்ததும் “இவ்வளவு சின்னதா” என்று கேட்கத்தானே செய்வார். அளவுகோல் எதுவானாலும் அது சுவரின் மேலேயே இருக்க வேண்டும்.

படமெடுக்கும்போது முடிந்தவரை பின்னால் போய் நில்லுங்கள். செல்போனில் 2 மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். 0.5 என்று காட்டும் அகல லென்ஸ் பக்கம் போகவே வேண்டாம். ஓரத்தில் இருப்பதை அது இழுத்து நீட்டிவிடும். கேமராவில் கட்டக் கோடுகளை ஆன் செய்து, சுவரும் தரையும் சேரும் கோடு படுக்கைக் கோட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சுவருக்கு நேராக நின்று எடுத்த படத்தில் வேலை பாதியாகக் குறையும். பக்கவாட்டில் நின்று எடுத்தால் அழகாக இருக்கும்தான். ஆனால் பெர்ஸ்பெக்டிவ் கணக்கில் மாட்டிக்கொள்வீர்கள். கை பழகட்டும், அப்புறம் பார்க்கலாம்.

சொந்த அறை பார்க்க நன்றாக இல்லையே என்று இலவசப் படத் தளங்களில் தேடுபவர்கள் உண்டு. உரிமத்தைப் படித்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சுவரில் எதன் அளவும் உங்களுக்குத் தெரியாது. செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் அறைகள் இன்னும் மோசம். அந்த அறையை யாரும் கட்டவில்லை. நாற்காலிக்கு ஓர் அளவு, கதவுக்கு ஓர் அளவு என்று இருக்கும். காலியான ஒரு சுவரும் அதன் கீழே ஒரு பெஞ்சும் இருந்தாலே உங்கள் வீடு போதும்.

படி 3: ஒரே ஒரு வகுத்தல்

அறைப் படத்தைச் செயலியில் திறந்து, தாளின் அகலம் எத்தனை பிக்சல் என்று அளவுக் கருவியால் பாருங்கள். 386 பிக்சல் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 386 ÷ 29.7 = 13. அதாவது இந்தச் சுவரில் ஒரு செ.மீ.க்கு 13 பிக்சல்.

ஓவியம் 60 × 45 செ.மீ. சுற்றிலும் 3 செ.மீ. ஃபிரேம் இருந்தால் வெளி அளவு 66 × 51. இரண்டையும் 13-ஆல் பெருக்கினால் 858 × 663 பிக்சல். முடிந்தது. புதியவர்கள் ஃபிரேமைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. சுவரில் தொங்கப்போவது ஃபிரேமோடு சேர்ந்த அளவுதான்.

படி 4: சுவரில் வையுங்கள்

படி 1-இல் ஃபிரேமோடு வெட்டிய ஓவியத்தின் படத்தை, அறைப் படத்தின் மேல் தனி அடுக்காக (லேயராக) கொண்டுவந்து, ஸ்கேல் கருவியில் 858, 663 என்று எண்களையே தட்டச்சு செய்யுங்கள். ஓரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுக்க ஆரம்பித்தால் கை தானாகவே கொஞ்சம் பெரிதாக்கும், எனக்கு அந்த வியாதி உண்டு. பிறகு தாளின் நடுவும் ஓவியத்தின் நடுவும் பொருந்தும்படி நகர்த்துங்கள். ஏ4-ஐவிடச் சிறிய ஓவியம் என்றால் தாள் வெளியே தெரியும். அதற்கு, செல்போனை ஸ்டாண்டில் வைத்து, அசைக்காமல் தாளோடு ஒன்றும் தாள் இல்லாமல் ஒன்றுமாக இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

145 செ.மீ. என்பது வெறும் சுவருக்கு. கீழே சோபா இருந்தால் அதன் முதுகுக்கு மேல் 15 முதல் 25 செ.மீ. இடைவெளி விட்டு ஓவியம் தொடங்கினால் இரண்டும் ஒன்றையொன்று சேர்ந்ததாகத் தெரியும். அப்போது ஓவியத்தின் நடு 145-க்குக் கீழே இறங்கும், பரவாயில்லை. சோபா அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓவியம் இருப்பது நல்லது என்று ஒரு வழக்கமும் உண்டு. 200 செ.மீ. சோபாவுக்கு அது 130 செ.மீ.க்கு மேல் வரும். நம்முடைய 66 செ.மீ. ஓவியத்தை அங்கே மாட்டினால் தனியாக விடப்பட்ட பிள்ளைபோல் நிற்கும். ஆகவே இடத்தை மாற்றுங்கள், அளவை மாற்றாதீர்கள். சின்ன மேசைக்கு மேல், புத்தக அலமாரிக்குப் பக்கத்தில், ஒற்றை நாற்காலிக்குப் பின்னால் மாட்டிப் பாருங்கள். 20 செ.மீ. ஓவியத்துக்குச் சுவரே வேண்டாம். ஒருவர் கையில் பிடித்திருக்கும் படம் அதைவிட நன்றாகப் பேசும்.

படி 5: வெளிச்சமும் நிழலும்

இப்போது படத்தைப் பார்த்தால் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் இருக்கும். காரணம் இரண்டு.

முதலாவது, ஓவியத்தின் வெள்ளை அறையின் வெள்ளையைவிடப் பளிச்சென்று இருப்பது. இங்கேயும் தாள்தான் உதவுகிறது. வெள்ளைத் தாள் அந்தச் சுவரில் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறதோ, ஓவியத்தின் வெள்ளையும் அதற்கு மேல் போகக் கூடாது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ் அல்லது லெவல்ஸ் கருவியால் அந்த அளவுக்குக் குறையுங்கள். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் அறையில் பல்பு எரிந்திருக்கிறது. ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் குறைந்தால் மஞ்சள் கூடும். சாதாரண மஞ்சள் பல்பின் ஒளி 2700 கெல்வின். பகல் ஒளி 5500-ஐ ஒட்டியது. ஓவியத்தையும் மஞ்சளாக்கிப் பொருத்துவதைவிட, பல்பை அணைத்துவிட்டுப் பகலில் அறையைத் திரும்ப எடுங்கள். நிறம் மாறிய ஓவியத்தைக் காட்டி விற்றால் அடுத்த புகார் அதைப் பற்றித்தான் வரும்.

இரண்டாவது, நிழல் இல்லாதது. ஜன்னல் இடப்பக்கம் இருந்தால் நிழல் வலப்பக்கமும் கொஞ்சம் கீழேயும் விழ வேண்டும். அறையில் ஏற்கெனவே உள்ள பொருள்களின் நிழலைப் பார்த்து அதே திசையில் போடுங்கள். டிராப் ஷேடோ என்ற வசதி இரண்டு செயலியிலும் இருக்கிறது. ஃபிரேம் சுவரிலிருந்து 3 செ.மீ. வெளியே நிற்கிறது, ஒளி 45 பாகையில் வருகிறது என்றால் நிழலும் 3 செ.மீ. நீளும்; நம் கணக்கில் 39 பிக்சல். ஜன்னல் வெளிச்சம் மென்மையானது, அதனால் நான் பாதியாகக் குறைத்து 20 பிக்சல் வைப்பேன். மங்கல் 25, அடர்த்தி 35 சதவீதம் என்று தொடங்கிப் பாருங்கள். நிழல் இருப்பது கண்ணில் படுகிறது என்றால் அது அதிகம்.

படி 6: சேமிப்பது

திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளியில், 2000 பிக்சல் அகலத்தில், ஜேபெக்காகச் சேமியுங்கள். விற்பனைப் பக்கத்தில் முதல் படமாக ஓவியம் மட்டும் இருக்கட்டும், அறைப் படம் இரண்டாவதாக வரட்டும். அதன் கீழே “ஓவியம் 60 × 45 செ.மீ., ஃபிரேமோடு 66 × 51 செ.மீ.” என்று எழுதுங்கள். லேயர்கள் உள்ள மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். அந்தச் சுவரின் 13 பிக்சல் கணக்கு எழுதி வைத்திருந்தால் அடுத்த ஓவியத்துக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

ஏஆர் வேண்டாமா?

செல்போன் கேமராவில் சுவரைக் காட்டினால் ஓவியம் அங்கேயே தொங்குவதுபோல் தெரியும் ஏஆர் (ஆக்மென்டட் ரியாலிட்டி) வசதியைச் சில விற்பனைத் தளங்கள் தருகின்றன. உங்கள் தளத்தில் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். நீங்களே செய்வதானால், இணையப் பக்கத்தில் முப்பரிமாண மாதிரியைக் காட்டும் கூகுளின் மாடல் வியூவர் இலவசம். சுவரில் வைக்கவும், பார்ப்பவர் விரலால் அளவை மாற்ற முடியாதபடி பூட்டவும் அதில் வழி உண்டு. பூட்ட மறக்காதீர்கள். அங்கே அளவு மீட்டரில் இருக்கும்: 60 செ.மீ. என்பது 0.6. நான் ஒருமுறை 60 என்று போட்டுவிட்டு, ஓவியம் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருந்தேன். நான் அதற்குள்ளேயே நின்றிருக்கிறேன்.

இன்னொரு தொல்லை: கேமரா சுவரை அடையாளம் காண அதில் ஏதாவது புள்ளி, கோடு, வடிவம் வேண்டும். ஓவியம் மாட்ட ஏற்ற வெற்றுச் சுவரில்தான் அது திணறும்.

வாங்குபவரின் சுவரிலேயே காட்டுவது

யாராவது தயங்கினால் நான் இதைத்தான் கேட்கிறேன்: “உங்கள் சுவரில் ஒரு ஏ4 தாளை ஒட்டி, நேராக நின்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.” வந்ததும் அதே வகுத்தல், அதே நிழல். அமெரிக்காவிலோ கனடாவிலோ இருப்பவர் என்றால் என்ன தாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே புழங்கும் லெட்டர் தாளின் நீளம் 27.9 செ.மீ.தான். கேட்காமல் விட்டால் ஓவியம் ஏறத்தாழ 6 சதவீதம் சிறியதாகத் தெரியும்.

படமெடுத்து அனுப்பக் கூச்சப்படுபவர்களிடம், செய்தித்தாளை ஃபிரேமின் வெளி அளவுக்கு வெட்டி, சுவரில் ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விட்டுவைக்கச் சொல்வேன். அப்படி ஒட்டிப் பார்த்த ஒருவர், கேட்டிருந்த 40 செ.மீ. ஓவியத்தை விட்டுவிட்டு 75 செ.மீ. ஓவியத்தை வாங்கினார். இன்னொருவர் செய்தித்தாளே அந்தச் சுவருக்கு அதிகமாக இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.