வாசகர் வட்டத்தில் ஒரு இத்திஷ் கவிஞர்

திருகோணமலையில் ஒன்றரை மணிநேரக் கூட்டத்துக்கு ஒரு கவிதை போதும். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் யாகோவ் கிளாட்ஷ்டெயின் எழுதிய ‘நல்லிரவு, உலகே’ நல்ல தெரிவு. வாழ்க்கைக் குறிப்பை ஐந்து நிமிடத்தில் முடியுங்கள்: 1896இல் போலந்தின் லுப்லினில் பிறப்பு, 1914இல் நியூயோர்க், 1934இல் சாகக் கிடந்த தாயைப் பார்க்க ஊர்ப்பயணம், 1971இல் மறைவு.

கவிதையின் ஆண்டான 1938ஐ மட்டும் பலகையில் பெரிதாக எழுதுங்கள். இல்லாவிட்டால் பாதிப்பேர் இதை நாசிகளின் யூத இனப்படுகொலைக்குப் பிந்திய ஒப்பாரியாகவே வாசிப்பார்கள். இரண்டாம் உலகப்போரே அப்போது தொடங்கவில்லை. பரந்த உலகின் முகத்தில் தானே கதவை அறைந்துவிட்டு கெட்டோவுக்கு, அதாவது யூதர்களை ஒதுக்கிவைத்த குடியிருப்புக்கு, திரும்புகிறவனின் கோபம் இது.

தலைப்பை மூலத்தில் சொல்லிக் காட்டுங்கள்: ‘அ குட்டெ நாக்ட், வெல்ட்’. ‘குடெ’ என்று ஒற்றை டகரம் போட்டால் வாசிப்பவர் மெலித்துவிடுவார். ‘நாக்ட்’ என்பதிலுள்ள ககரம், ‘காலித்’ என்ற அரபுப் பெயரின் தொண்டை ஒலி. அரபு ஓதத் தெரிந்த கிண்ணியா நண்பர் எவராவது வந்திருந்தால் அவரே சொல்லட்டும், நாம் சொன்னால் வெறும் ‘க’தான்.

இத்திஷ் எபிரேய எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதப்படும். ஆனால் அது எபிரேய மொழியல்ல. ஜெர்மானிய அடித்தளத்தில் எபிரேய, ஸ்லாவியச் சொற்கள் கலந்தது. ஆங்கிலம் வழி மொழிபெயர்த்தால் இந்த அடுக்குகள் தட்டையாகிவிடும். ஒலிபெயர்ப்புப் பிரதியில் எபிரேயச் சொற்களைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். ஆனால் அவற்றுக்கெல்லாம் வடசொல் போட்டுவிடாதீர்கள். கவிதை கோயில் பிரசங்கமாகிவிடும்.