கார்டிலிருந்து இறக்கும்போதே படங்களுக்குத் தேதியில் பெயர் வைப்பது எப்படி?

படத்துக்குக் கேமரா தானாக வைக்கும் பெயர் கேனான் என்றால் ஐஎம்ஜி_0001, நிக்கான் என்றால் டிஎஸ்சி_0001. 9999 வரை போன பிறகு எண் மறுபடியும் 0001-க்கே வந்துவிடும். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலில் எடுத்த 4821-ம், ஆனித் தேரோட்டத்தில் எடுத்த 4821-ம் ஒரே ஃபோல்டரில் விழுந்தால் ஒன்று போச்சு. இதற்கு மருந்து படத்துக்குள்ளேயே இருக்கிறது. ஷட்டர் அடித்த நேரத்தை கேமரா ஒவ்வொரு படத்திலும் எழுதி வைக்கிறது. அதை எடுத்துப் பெயராக்குவதுதான் வேலை.

படத்தோடு பல தேதிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். நமக்கு வேண்டியது 'டேட் டைம் ஒரிஜினல்' ஒன்றுதான். விண்டோஸ் ஃபோல்டரில் கண்ணில் படும் 'டேட் மாடிஃபைட்' ஃபைலின் தேதி. எடிட் செய்து சேமித்தாலே மாறிவிடும், அதை நம்ப வேண்டாம்.

நான் சொல்வது டிஜிகேம் என்ற, படங்களை இறக்கி அடுக்கும் மென்பொருள். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். லைட்ரூம் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதன் இம்போர்ட் திரையில் 'ஃபைல் ரீநேமிங்', 'டெஸ்டினேஷன்' இரண்டையும் அமைத்தால் போதும். இதற்காக மட்டும் மாதாமாதம் பணம் கட்டத் தேவையில்லை.

முதலில் கேமரா கடிகாரம்

இதைச் சரிபார்க்காமல் மேலே போகாதீர்கள். பெயர் எல்லாம் இதை நம்பித்தான் நிற்கிறது. கேமரா மெனுவில் நேரமண்டலம் +5:30 என்று இருக்க வேண்டும். நம்ம பக்கம் பாதி கேமரா வளைகுடாவிலிருந்து வந்தவை. துபாய் நேரத்திலேயே விட்டிருந்தால் ஒன்றரை மணி நேரம் பின்தங்கும், சவுதி என்றால் இரண்டரை மணி நேரம். சிங்கப்பூரிலிருந்து வந்தது இரண்டரை மணி நேரம் முந்தும்.

ஏற்கெனவே தப்பான நேரத்தில் எடுத்துவிட்டீர்களா? செல்போன் கடிகாரத்தை, வினாடி தெரிகிற மாதிரி, அந்தக் கேமராவால் ஒரு படம் எடுங்கள். படத்தில் தெரியும் நேரத்துக்கும் படத்துக்குள் பதிவான நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் திருத்த வேண்டிய அளவு. இறக்கிய பிறகு டிஜிகேமில் அந்தப் படங்களைத் தேர்ந்தெடுத்து, 'அட்ஜஸ்ட் டைம் அண்ட் டேட்' மூலம் அந்த அளவைக் கூட்டியோ கழித்தோ, பிறகு எஃப்2 அழுத்திப் பெயரை மாற்றுங்கள்.

டிஜிகேமில் ஒரு டிக்

செட்டிங்ஸில் 'கேமராஸ்' பகுதியைத் திறந்து, 'யூஸ் ஃபைல் மெட்டாடேட்டா' என்பதை டிக் செய்யுங்கள். கார்டைப் படிப்பது கொஞ்சம் மெதுவாகும் என்று அங்கேயே எழுதியிருக்கும், பரவாயில்லை. இதை விட்டுவிட்டால் பெயரில் ஃபைலின் தேதி வந்து உட்கார்ந்துவிடும். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

பெயரின் வடிவம்

கார்டை ரீடரில் போட்டு 'இம்போர்ட்' மெனுவில் திறங்கள். வலது பக்கம் 'ஃபைல் ரீநேமிங்' பகுதியில் 'கஸ்டமைஸ்' தேர்ந்தெடுத்து, தேதி-நேரப் பொத்தானை அழுத்தினால் வடிவம் கேட்கும். நான்கு சின்ன ஒய் ஆண்டு, இரண்டு பெரிய எம் மாதம், இரண்டு சின்ன டி நாள், ஓர் அடிக்கோடு, பிறகு இரண்டு சின்ன ஹெச் மணி, இரண்டு சின்ன எம் நிமிடம், இரண்டு சின்ன எஸ் வினாடி. பெரிய எம்முக்கும் சின்ன எம்முக்கும் உள்ள வித்தியாசத்தில் கோட்டை விடாதீர்கள். மாதத்தின் இடத்தில் சின்ன எம் போட்டால், 33-வது நிமிடத்தில் எடுத்த படத்துக்கு 20240514 என்று வர வேண்டியது 20243314 என்று வரும். 33-வது மாதம் என்று ஒன்று இல்லையே!

இடையில் முக்காற்புள்ளியோ சாய்கோடோ வேண்டாம். விண்டோஸ் ஃபைல் பெயரில் இரண்டுமே செல்லாது.

கடைசியில் ஓர் அடிக்கோடு போட்டு, பழைய ஃபைல் பெயரையும் சேருங்கள். 20240514_191022_ஐஎம்ஜி_4821 என்று முடியும். நீளம்தான், ஆனால் ஒரே வினாடியில் எட்டுப் படம் அடித்தாலும் மோதாது. ராவும் (கேமராவின் மூலக் கோப்பு) ஜேபெக்கும் சேர்த்து எடுப்பவர்களுக்கு ஜோடி பிரியாது. வெறும் வரிசை எண் போட்டால் ராவுக்கு 12, ஜேபெக்குக்கு 13 என்று பிரிந்துபோக இடமுண்டு. கல்யாண வேலைக்கு ஒரே மாடல் கேமரா இரண்டு போகிறதா? கேமரா மெனுவில் பெயரின் முதல் மூன்று எழுத்தை மாற்றும் வசதி இருந்தால் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து வையுங்கள்.

டவுன்லோட் அழுத்துமுன் ஒவ்வொரு படத்தின் கீழும் புதுப்பெயர் தெரியும். நாலு படத்தையாவது பாருங்கள்.

ஃபோல்டர்

'ஆட்டோ கிரியேஷன் ஆஃப் ஆல்பம்ஸ்' பகுதியில் தேதிவாரி துணை ஆல்பத்தை டிக் செய்து, வடிவம் 'ஐஎஸ்ஓ' என்று வையுங்கள். 2024-05-14 என்று ஃபோல்டர் வரும். அதன் பின்னால் இடத்தையும் நிகழ்ச்சியையும் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். ஜிபிஎஸ்ஸை வைத்து மாவட்டப் பெயரில் ஃபோல்டர் பிரிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குற்றாலம் 2019 நவம்பரில் தென்காசி மாவட்டத்துக்குப் போய்விட்டது. அதற்கு முன் எடுத்த அருவிப் படங்கள் ஒரு பக்கம், பின் எடுத்தவை ஒரு பக்கம் என்று கிடக்கும். ஊர்ப்பெயர் போதும்.

கொடைக்கு (அம்மன் கோயில் திருவிழாவுக்கு) மட்டும் இந்தத் தேதிவாரி டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை மதியக் கொடை ஒரு ஃபோல்டரிலும், நடுராத்திரி தாண்டிய சாமக் கொடை புதன்கிழமை ஃபோல்டரிலும் போய் விழும். '2024-05-14 அம்மன் கொடை' என்று ஒரே ஆல்பம் கையால் உருவாக்கி எல்லாவற்றையும் அதில் இறக்குங்கள். பெயரில் உண்மையான நேரம் இருப்பதால் வரிசை குலையாது.

வீடியோ மட்டும் குலைக்கும். செல்போன் வீடியோக்கள் பெரும்பாலும் நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதுகின்றன, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். 15-ஆம் தேதி இரவு 12:40-க்கு எடுத்த சாமியாட்டம் 14-ஆம் தேதி 19:10 என்று பெயர் வாங்கி, சாயங்காலப் படங்களுக்கு நடுவில் நிற்கும். பல கேமராக்கள் வீடியோவிலும் உள்ளூர் நேரத்தையே எழுதும். அதனால் எல்லா வீடியோவுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தரை மணி கூட்டாதீர்கள். நேரம் தெரிந்த ஒரு வீடியோவை வைத்துச் சோதித்து, அந்தக் கருவியிலிருந்து வந்தவற்றின் பெயரை மட்டும் திருத்துங்கள். உள்ளே இருக்கும் யுடிசி நேரம் சரியானதே, அதைத் தொட வேண்டாம்.

பிறகு சேர்த்தவை

வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் எடுத்த தேதி இருக்காது, அது அழிக்கப்பட்டுவிடும். பெயரில் தெரியும் தேதி படம் எடுத்த தேதி என்று எண்ணிவிடாதீர்கள். அவற்றைத் 'தேதியில்லாதவை' என்று தனி ஃபோல்டரில் போடுங்கள். அனுப்புபவரிடம் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால் தேதி தப்பிக்கும்.

ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா? தாராளமாக. ஆனால் தேதிக்குப் பின்னால் வையுங்கள். 'பொருநை' என்பதில் உள்ள 'பொ'வின் கொம்பும் காலும் கணினியில் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு குறியாகவும் இருக்கலாம். பழைய மேக் வட்டுகள் பெயரை இரண்டாகப் பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து விண்டோஸுக்குக் கொண்டுவந்தால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் தேடலில் சிக்காமல் போகலாம். அப்போது தேதியை வைத்துத் தேடி எடுத்துவிடலாம்.

'இறக்கியதும் கார்டில் அழி' என்ற வசதியைத் தொடாதீர்கள். இன்னொரு வட்டில் ஒரு நகல் ஏறிய பிறகு, கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.