விடுதியில் சேரும் முதலாண்டுப் பிள்ளைக்குப் பெற்றோர் துணைநிற்பது எப்படி?

என் மகள் பொறியியல் படிக்கக் கோவில்பட்டியிலிருந்து சென்னைக்குச் சென்று ஓராண்டு முடிந்துவிட்டது. கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை எத்தனையாவது விருப்பமாக இடுவது என்று இரவு பகலாகக் கணக்குப் போட்ட எனக்கு, அவளுக்கு ஒரு சட்டையை அலசிப் பிழியத் தெரியுமா என்று கேட்கத் தோன்றவே இல்லை. அந்த அனுபவத்திலிருந்து, முதன்முறையாகப் பிள்ளையை விடுதிக்கு அனுப்பும் பெற்றோருக்காக இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். இதுவரை பிள்ளைக்காக நாம் செய்துவந்த வேலைகளை ஒவ்வொன்றாக அவர்கள் கைக்கு மாற்றுவதும், அவை பழகும்வரை குறுக்கே போகாமல் அருகில் இருப்பதும்தான் இந்த ஓராண்டில் நம் வேலை.

படி 1: வீட்டிலேயே ஒரு வார ஒத்திகை

சேர்க்கைக்கு ஒரு மாதம் முன்பாக, ஒரு வாரம் முழுவதும் பிள்ளையைத் தன் வேலைகளைத் தானே செய்யவிடுங்கள். அலாரம் வைத்துத் தானே எழுவது, துணி துவைப்பது, வங்கிக்குச் சென்று ஒரு வேலையை முடித்து வருவது, தலைவலிக்குக்கூட மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்குவது ஆகியவை போதும். எங்கள் வீட்டில் இது கடைசி மூன்று நாட்களில்தான் நடந்தது. சோப்புத் தூளில் பாதிப் பாக்கெட்டை ஒரே வாளியில் கொட்டிவிட்டு, நான்கு முறை அலசியும் நுரை போகாமல் அவள் கிணற்றடியில் விழித்துக்கொண்டு நின்றாள். வீட்டில் ஐந்தாவது வாளி கிடைக்கும். ஒரே குழாய்க்குப் பலர் வரிசையில் நிற்கும் விடுதியில் கிடைக்காது. ஒரு வாளிக்கு இரண்டு கரண்டித் தூள் என்று அன்று அவள் கற்றுக்கொண்டது, நான் வாங்கிக் கொடுத்த புதுப் பெட்டியைவிட அவளுக்கு அதிகம் பயன்பட்டது.

பள்ளிக் காலத்தில் சிறார் கணக்காகத் தொடங்கிய வங்கிக் கணக்கு இருந்தால், 18 வயது நிறைந்ததும் புதிய கையெழுத்தும் ஆவணங்களும் கொடுத்து அதை மாற்ற வேண்டும். இல்லையென்றால் பணம் எடுக்க முடியாமல் போகும். கல்லூரி திறந்த பிறகு இதற்காக ஊருக்கு வருவது வீண் அலைச்சல்.

படி 2: சான்றிதழ்களும் பெட்டியும்

மாற்றுச் சான்றிதழ், பத்தாம் மற்றும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலப் படிகளைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக்கூடும் என்பதால், ஒப்படைக்கும் முன் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, பிள்ளையின் அலைபேசியிலும் உங்கள் அலைபேசியிலும் சேமித்துவையுங்கள். ஐந்து ஐந்து நகல்களும் எடுத்துவையுங்கள். கல்விக் கடனுக்கும் உதவித்தொகைக்கும் கல்லூரியிலிருந்து போனஃபைட் சான்றிதழ், அதாவது பிள்ளை அங்கே படிப்பதை உறுதிசெய்யும் சான்றிதழ், தேவைப்படும். அதற்கான விண்ணப்பத்தை நீங்கள் எழுதித் தராமல், அலுவலகத்தில் கேட்டு வாங்கும் முதல் வேலையாக அதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.

பெட்டியில் என்ன வைப்பது என்பதற்கு இணையம் முழுக்கப் பட்டியல்கள் இருக்கின்றன. அவற்றில் பாதி தேவைப்படாது. வாளி, குவளை, கொடிக்கயிறு, ஜமுக்காளம், இரண்டு பூட்டுகள் ஆகியவை இருந்தால் முதல் வாரம் ஓடிவிடும். இரண்டாவது சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு நிற்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்.

படி 3: பணம்

விடுதிச் செலவில் பெற்றோரை அதிகம் குழப்புவது மெஸ் பில். பல கல்லூரிகளில் டிவைடிங் முறை இருக்கிறது. அதாவது, அந்த மாதம் மெஸ்ஸுக்கு ஆன மொத்தச் செலவை, மாணவர்கள் சாப்பிட்ட நாட்களின் கணக்கின்படி வகுத்துப் போடுவார்கள். ஆகவே ஒரு மாதத் தொகை மறு மாதம் இருக்காது. பிள்ளை பணத்தை வேறு எதற்கோ செலவழித்துவிட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டுத் தொடர்ந்து சில நாட்கள் ஊருக்கு வந்தால், அந்த நாட்களுக்குரிய தொகையைக் கழிக்கும் வழக்கமும் பல விடுதிகளில் உண்டு. எத்தனை நாட்கள், யாரிடம் எழுதிக் கொடுப்பது என்பதை முதல் வாரத்திலேயே பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

கைச்செலவுக்கு மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், ஒரே தொகையை அனுப்புங்கள். இருபதாம் தேதியே தீர்ந்துபோனால், மீதிப் பத்து நாட்களை எப்படி ஓட்டுவது என்று ஒருமுறையாவது பிள்ளை யோசிக்கட்டும். மருத்துவத்துக்கும் திடீர்ப் பயணத்துக்கும் மட்டும் தனியாக ஒரு சிறு தொகையை அதே கணக்கில் விட்டுவையுங்கள். ஒவ்வொரு தேநீருக்கும் கணக்குக் கேட்டால், பிள்ளைகள் கணக்கு எழுதப் பழகுவதில்லை, கதை சொல்லத்தான் பழகுகிறார்கள்.

அரசு உதவிகளையும் விட்டுவிடக் கூடாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் தமிழக அரசே ஏற்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். விண்ணப்பம் கல்லூரி வழியாகவே செல்லும். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும்.

படி 4: முதல் மூன்று வாரத் தொலைபேசி

நான் அதிகம் தவறு செய்த இடம் இது. விட்டுவிட்டு வந்த மூன்றாம் நாள் இரவு பத்தரை மணிக்கு அழைப்பு வந்தது. "அப்பா, நான் திரும்பி வந்துடட்டுமா?" என்றாள். நான் உடனே காலை ரயிலுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினேன். என் மனைவி அலைபேசியை வாங்கி, "இன்னைக்கு மெஸ்ல என்னம்மா போட்டாங்க?" என்று கேட்டாள். உப்புமா என்று பதில் வந்தது. அது எப்படிக் களியாக இருந்தது, யார் யார் அப்படியே கொட்டினார்கள், பக்கத்துக் கட்டிலில் இருக்கும் தர்மபுரிப் பெண் அதில் ஊறுகாயைப் பிசைந்து எப்படிச் சாப்பிட்டுக் காட்டினாள் என்று பேச்சு இருபது நிமிடம் ஓடி, கடைசியில் சிரிப்பில் முடிந்தது. திரும்பி வருவதைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

மறுநாள் நான் சும்மா இருந்திருக்கலாம். உப்புமாவைப் பற்றி வார்டனை அழைத்துப் புகார் சொன்னேன். அன்று மாலை விடுதியில் எல்லோர் முன்னிலையிலும், "உங்கள் அப்பா பேசினார்" என்று அவளிடம் சொல்லப்பட்டது. இரண்டு வாரங்கள் அவள் என்னிடம் மெஸ்ஸைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. புகார் சொல்வதும் ஆறுதலுக்காகப் புலம்புவதும் வேறு வேறு. எது எது என்று தெரியாவிட்டால், "நான் ஏதாவது செய்யணுமா, சும்மா கேட்டாப் போதுமா?" என்று பிள்ளையிடமே கேட்டுவிடுங்கள்.

நாள்தோறும் பேசும் நேரத்தைப் பிள்ளையே சொல்லட்டும். அந்த நேரத்தில் அழைப்பை எடுக்கவில்லை என்றால் உடனே அறைத்தோழியை அழைக்காதீர்கள். முதல் வாரக் கடைசியிலேயே ஊருக்கு அழைத்துவராமல் இருப்பதும் நல்லது. ஆனால் சாப்பாடும் தூக்கமும் குறைந்து, வகுப்புக்கே போகாமல் அறைக்குள் முடங்கி, இந்த நிலை இரண்டு வாரங்களாகியும் மாறவில்லை என்றால், அதை வீட்டு ஏக்கம் என்று ஒதுக்கிவிடாமல் நேரில் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசகருடன் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பேச்சில் தென்பட்டால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

படி 5: ராகிங்

1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை அடுத்து, தமிழ்நாட்டில் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். பலர் அதைப் படிக்காமலேயே கையெழுத்திடுகிறார்கள். பிள்ளையோடு உட்கார்ந்து அதையும் அந்த விதிமுறைகளையும் ஒருமுறை படியுங்கள். கூச்சப்படும்படி பாட்டுப் பாட வைப்பதும், மூத்தவர்களின் பாடக் குறிப்பை எழுதித் தரச் சொல்வதும்கூட ராகிங்கில் சேரும் என்பது அப்போதுதான் தெரியும். ராகிங் புகாருக்கான 1800-180-5522 என்ற இலவச எண் பிள்ளையின் அலைபேசியில் இருக்கட்டும். அடி, மிரட்டல், பணம் பறிப்பு என்று வந்தால் மேற்சொன்ன பொறுமை எதுவும் பொருந்தாது. கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்துடன் ஒரு நகலை வாங்கி வையுங்கள்.

படி 6: முதல் மதிப்பெண்

பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் 97 வாங்கியவள், கல்லூரியின் முதல் உள்தேர்வில் பாதி மதிப்பெண்ணைக்கூடத் தொடவில்லை. தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கில வகுப்புகளின் சுமையும் சேர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் அத்தை மகனின் மதிப்பெண்ணை இழுக்காமல், எந்தப் பாடம் புரியவில்லை, வகுப்பு ஆலோசகரைப் பார்த்தாயா, மூத்த மாணவர்களிடம் பழைய வினாத்தாள்கள் கிடைக்குமா என்று மட்டும் கேளுங்கள். அரியர் விழுந்தாலும் மீண்டும் எழுதி முடித்துவிடலாம். வருகைப்பதிவு போனால்தான் சிக்கல். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 விழுக்காடு வருகை வேண்டும். மருத்துவம் போன்ற காரணங்களுக்காக 65 வரை விலக்குக் கேட்கலாம். அதற்கும் கீழே சென்றால் தேர்வெழுத முடியாது, அந்தப் பருவத்தையே மீண்டும் படிக்க வேண்டும். ஆகவே வீட்டு விசேஷம், கோயில் கொடை என்று நடுவாரத்தில் பிள்ளையை வரச் சொல்வதற்கு முன் அந்தக் கணக்கைப் பாருங்கள்.

படி 7: தீபாவளிக்கு வீடு

ரயிலில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன், காலை 8 மணிக்குத் திறக்கும். தீபாவளிக்கு முந்தைய இரவு நெல்லை விரைவு ரயிலில் இடம் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்பதால், முதல் முறை மட்டும் நீங்கள் பதிவு செய்துகொடுங்கள். திரும்பும் பயணத்துக்கான சீட்டையும் அப்போதே எடுத்துவிடுங்கள். விடுதியில் அவுட்பாஸ், அதாவது வெளியே செல்வதற்கான அனுமதிச் சீட்டு, வாங்கும் வேலை பிள்ளையுடையது.

வந்த முதல் நாள் தூங்கவிடுங்கள். உறவினர் வீடுகளை மூன்றாம் நாளுக்குத் தள்ளிவையுங்கள். பிள்ளையிடம் சில மாற்றங்கள் தெரியும். என் மகள் தன் தட்டைத் தானே கழுவி வைத்ததையும், பாட்டியிடம் சற்றுக் குரல் உயர்த்திப் பேசியதையும் ஒரே நாளில் பார்த்தோம். திரும்பிச் செல்லும்போது இட்லிப் பொடியை ஒருவருக்கு மட்டும் அளந்து கட்டாதீர்கள். அறையில் நால்வர் இருந்தால் ஒரு கிலோவும், அதில் ஒருத்தி தர்மபுரிப் பெண்ணாக இருந்தால் கூடவே ஒரு பாட்டில் ஊறுகாயும் வேண்டும்.