ஸ்கூபா குழாய்களும் காற்றுக் கேஜும்: எந்த நீளம், எந்தப் பக்கம், எப்போது மாற்றுவது

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே உம்கோமாஸிலிருந்து அலிவால் ஷோல் என்ற கடலடிப் பாறைத்திட்டுக்குப் போகிற ரப்பர் படகு, அலைகளைத் தாண்டித்தான் வெளியே போகும். டைவ் முடிந்ததும் பிசிடியை (காற்று நிரப்பி மிதப்பைச் சரிசெய்யும் சட்டை) தண்ணீரிலேயே கழற்றிக் கொடுக்க, படகோட்டி அதைப் பக்கவாட்டு ரப்பர் மேல் இழுத்துப் போடுவார். தொங்குகிற குழாய் எல்லாம் அங்கே எதிலாவது மாட்டும். கடையில் தந்த நீளத்தை அப்படியே ஏற்காதீர்கள். முழு உடையும் போட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

ஒற்றைச் சிலிண்டருக்கு வழக்கமான அளவுகள்: வாயில் வைக்கும் செகண்ட் ஸ்டேஜுக்கு 71–76 செ.மீ., ஆக்டோபஸுக்கு (கூட்டாளிக்குக் கொடுக்கும் உதிரி செகண்ட் ஸ்டேஜ்) 90–100 செ.மீ. இரண்டும் வலப்பக்கம். பிசிடிக்குக் காற்று ஏற்றும் இன்ஃப்ளேட்டருக்கு 56–61 செ.மீ.; அதுவும், சிலிண்டரில் மீதமுள்ள அழுத்தத்தைக் காட்டும் கேஜும் இடப்பக்கம். தலையை இரு பக்கமும் நன்றாகத் திருப்புங்கள். வாய்த்துண்டு இழுபட்டால் குழாய் குட்டை. தோளை விட்டு வளையமாக விலகி நின்றால் நீளம் அதிகம். ஆக்டோபஸை மார்பில், ஒரே இழுப்பில் கழன்று வரும் பிடியில் மாட்டுங்கள்.

கேஜுக்கு எங்கள் தேர்வு 60 செ.மீ. குழாயும் ஒற்றைக் கேஜும்தான். இடது இடுப்பு டி-வளையத்தில் கொக்கியால் மாட்டினால் பவளத்தில் உரசாது. நீண்ட குழாயில் கனமான கன்சோல் (பல கருவிகள் சேர்ந்த பெட்டி) வைப்பவர்களும் அதை எங்காவது மாட்டியே ஆக வேண்டும்.

இப்போதைய ரெகுலேட்டர்களில் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) கேஜ் குழாய் திருகும் உயர் அழுத்தத் துளை 7/16 அங்குலம், மற்றக் குழாய்களுக்கான குறைந்த அழுத்தத் துளை 3/8 அங்குலம். மாற்றிப் பொருத்த முடியாதபடிதான் இந்த வித்தியாசம். சிலிண்டரை மூடி, செகண்ட் ஸ்டேஜின் முன்பக்கப் பர்ஜ் பட்டனை அழுத்திக் காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள். கையால் கடைசிவரை திருகி, பிறகு 4–5 நியூட்டன் மீட்டர் அளவுக்கு லேசாக இறுக்கினால் போதும். கசிவைத் தடுப்பது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். பலம் போட்டால் மரைதான் கெடும்.

200 பார் அழுத்தம் உள்ள கேஜ் குழாய் வெடிப்பதுதான் பெரிய ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அதன் நுனியில் ஊசித்துளை மட்டுமே இருப்பதால் காற்று மெதுவாகத்தான் போகும். சுமார் 10 பார் அழுத்தம் உள்ள மற்றக் குழாய்கள் அகலமானவை. ஒன்று கிழிந்தால் சில நிமிடங்களில் சிலிண்டர் காலி. எது போனாலும் டைவை முடித்து மேலே வர வேண்டும். இரண்டாவது வகையில் உடனே கூட்டாளியின் காற்றுக்கு மாறுங்கள்.

வெடிப்பு பெரும்பாலும் உலோக முனையை ஒட்டித்தான் தொடங்கும். பாதுகாப்பு உறை அதை மறைத்துவிடும். உறையைப் பின்னால் தள்ளி, குழாயை மெல்ல வளைத்துப் பாருங்கள். நூல் விரிசலோ புடைப்போ தெரிந்தால் அந்தக் குழாயை மாற்றிவிடுங்கள். பின்னல் உறை போட்ட குழாய்களில் இன்னொரு சிக்கல் உண்டு: வெப்பத்திலும் ஈரத்திலும் சிலவற்றின் உள்பூச்சு படிகமாகிக் காற்றை அடைக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. வெயிலில் நிற்கிற கார் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள், தயாரிப்பாளர் சொன்ன ஆயுள் முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

அழுத்தம் இல்லாதபோது கேஜ் முள் 0-வில் நிற்க வேண்டும். கண்ணாடி முகம் யாரையும் பார்க்காதபடி திருப்பி வைத்துச் சிலிண்டரை மெல்லத் திறவுங்கள். முள்ளைப் பார்த்தபடியே நாலு மூச்சு இழுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் இறங்கி ஏறினால் வால்வு முழுக்கத் திறக்கவில்லை, அல்லது வடிகட்டி அடைத்திருக்கிறது. அப்படியே இறங்கக் கூடாது. கேஜ் சுழலும் கழுத்தில் குமிழி வந்தால், உள்ளே இருக்கும் சிறு தண்டையும் அதன் இரண்டு ஓ-ரிங்குகளையும் சேர்த்தே மாற்றுங்கள்.