பாய் மாதிரி உரிந்து வந்த புல்தரை

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் நாலு பாய் விரிக்கிற அளவுக்குக் கொரியன் புல் உண்டு. போன ஆகஸ்டில் அது திட்டுத் திட்டாகப் பழுக்க ஆரம்பித்தது, வெயில்தான் என்று தண்ணீரைக் கூட்டினேன், அப்புறம் பூஞ்சைக்கொல்லி அடித்தேன், இரண்டும் வீண். தினமும் காலையில் மைனாக்கள் அந்த இடத்தையே கொத்துவதைப் பார்த்துச் சந்தேகம் வந்து கையால் இழுத்தால், புல் வேரே இல்லாமல் பாய் சுருட்டுகிற மாதிரி வந்தது. அடியில் பழுப்புத் தலையோடு சுருண்டு கிடந்த வெள்ளைப் புழுக்கள், ஒரு சதுர அடியில் மட்டும் 11.

தப்பு என்னுடையதுதான். மக்காத சாணத்தை உரமென்று கொட்டியிருந்தேன், இந்தப் புழுக்கள் வண்டின் குஞ்சுகள், வண்டு முட்டையிட அது போதும்.

சரி, பட்டுப்போன பகுதியை உரித்துப் புழுக்களைப் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போட்டேன். மிச்சத்துக்கு, புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சைப் பொடியை நன்றாக மக்கிய தொழு உரத்தில் கலந்து சாயங்காலம் தூவி, மண் காயாமல் பார்த்துக்கொண்டேன். அதுவும் உயிருள்ள பூஞ்சைதான், வெயில் ஆகாது, பூஞ்சைக்கொல்லி அடித்த சூட்டோடு போட்டால் செத்துவிடும், அதனால் தூவுவதற்கு முன் மூன்று வாரம் சும்மா காத்திருக்க வேண்டியதாயிற்று. பலனும் மெதுவாகத்தான் தெரிந்தது, புது வேர் பிடிக்க தீபாவளி ஆகிவிட்டது.

இந்த வருஷம் கோடை மழை பெய்த அன்று, இருட்டியதும் அந்த வண்டுகளைப் பிடிக்க வேப்பமரக் கிளையை உலுக்கினேன். வண்டுகள் பொலபொலவென விழுந்தன. பக்கத்து வீட்டு மாமி, "வேப்பம்பூவா பொறுக்கறே?" என்றார்.