வாத்து வேட்டைக்கு இடம் தேடும்போது சறுக்கும் இடங்கள்

முதலில் ஊரை முடிவு செய்துவிட்டு, பிறகு விடுமுறைக்கு ஏற்றபடி தேதியைப் பொருத்துகிறார்கள். பெரும்பாலான வாத்து வேட்டைப் பயணங்கள் இங்கேதான் சொதப்புகின்றன.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்திலுள்ள ஸ்டட்கார்ட், உலகின் வாத்துத் தலைநகரம் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் சிற்றூர். நெல் வயல்களும் நீர் தேங்கிய காடுகளும் மல்லார்ட் வாத்துகளை இழுக்கும் இடம். பெயர் சும்மா வந்ததில்லை. ஆனால் மல்லார்ட் அவசரப்படாத பறவை. வடக்கே குளங்கள் உறையாமலும் தீனியைப் பனி மூடாமலும் இருக்கும்வரை அங்கேயே தங்கிவிடும். குளிர் பிந்திய ஆண்டில் போனவர், முழங்கால் நீரில் மரத்தை ஒட்டி நின்று, பறவைகளை ஈர்க்க மிதக்கவிட்ட போலி வாத்துகள் அசையட்டும் என்று காலால் தண்ணீரை எற்றிக்கொண்டு, வெறும் வானத்தைப் பார்த்திருக்க வேண்டியதுதான். அதனால் வேட்டை விடுதிக்காரரிடம் சென்ற ஆண்டுப் படங்களைக் கேட்காதீர்கள். இந்த ஆண்டு எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, நீங்கள் வரும் வாரத்தில் கடந்த சில ஆண்டுகளாக என்ன கிடைத்தது என்று கேளுங்கள்.

சீக்கிரம் வடக்கே போவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கனடாவின் சஸ்காச்சுவானில் செப்டம்பரில் பறவைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆண் மல்லார்ட் வாத்துகளுக்கு அப்போது பளபளக்கும் பச்சைத் தலை முழுதாக வந்திருக்காது. பாடம் செய்து சுவரில் மாட்டும் ஆசையோடு போகிறவர் ஏமாறுவார். கறிக்காகப் போகிறவருக்கு அது ஒரு குறையே இல்லை. அர்ஜென்டினாவோ தென் அரைக்கோளம். அங்கே பருவம் ஏறத்தாழ மே முதல் ஆகஸ்ட் வரை. டிசம்பருக்கு டிக்கெட் எடுத்துப் பயனில்லை.

உரிமத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது அடுத்த தவறு. அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலம் வெளிமாநிலத்தவருக்கு 14 நாள்தான் அனுமதிக்கிறது. தென் டகோட்டாவில் அவர்கள் பெயர் குலுக்கலில் வர வேண்டும். அமெரிக்காவில் 16 வயது நிரம்பியவர்களுக்கு மாநில உரிமத்தோடு கூட்டாட்சி அரசின் வாத்து முத்திரையும் (Duck Stamp என்னும் கட்டண வில்லை) தேவை. அங்கே நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டு 1991 முதலே தடை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் 2023 முதல் தடை. வீட்டிலிருக்கும் பழைய தோட்டாப் பெட்டியை அப்படியே தூக்கிச் செல்வது வம்பு.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகப் படுவது, ஒரே குளத்தில் தினமும் சுடுகிறார்களா என்பது. நாள்தோறும் வெடி கேட்ட பறவைகள் அந்த நீரை விட்டு விலகும். இருட்டிய பிறகே இறங்கப் பழகும். கூலி குறைவு என்று நீங்கள் பிடித்த வழிகாட்டியிடம் இரண்டே குளங்கள் இருந்து, வாரம் முழுக்க ஆட்கள் வந்துகொண்டிருந்தால், சனிக்கிழமை உங்களுக்குக் கிடைப்பது மற்றவர்கள் விரட்டிவிட்ட மிச்சம். எத்தனை இடங்கள் கையில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் ஓய்வு தருகிறார், ஒரு மறைவிடத்தில் எத்தனை பேரை உட்கார வைப்பார் என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.