பழைய லாரியைப் புதுப்பிக்க ஆசையா? பெயின்ட்டில் தொடங்காதீர்கள்

மாதவரம், செங்குன்றம் பக்கம் போனால் ஓடி ஓய்ந்த லேலண்டு லாரி ஒன்று எங்காவது வேலியோரம் நிற்கும். மூக்கில்லாத தட்டை முகம், இரண்டாகப் பிரிந்த முன்கண்ணாடி, நெற்றியில் பாதி அழிந்த சாமி பெயர். மூக்கு வைத்த பழைய டாட்டாவுக்கு ஒரு அழகு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் டிரைவருக்குப் பக்கத்திலேயே எஞ்சின் உட்கார்ந்திருக்கும் இந்தத் தட்டை மூஞ்சி வண்டிகள்தான் எனக்குச் சென்னையின் வண்டிகள். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955-இல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறிய கம்பெனியின் தொழிற்சாலை இதோ எண்ணூரில் இருக்கிறது. இங்கே பிறந்து இங்கேயே தேய்ந்த வண்டியைத் திரும்ப ஓட வைப்பது என்பது எனக்குச் சாதாரண விஷயம் இல்லை.

நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து 1984-ஆம் வருட லேலண்டு காமெட் லாரி ஒன்றை வாங்கி, செங்குன்றம் பக்கம் ஒரு ஷெட்டில் வைத்து வேலை பார்த்தோம். அதற்குப் பிறகு இதே ஆசையோடு வந்த நாலைந்து பேருக்குக் கூட நின்று உதவியிருக்கிறேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறோம். வண்டியின் முகத்தைப் பார்த்து மயங்குகிறோம், அதனால் வேலையையும் முகத்திலிருந்தே தொடங்குகிறோம். காகிதம், சேஸிஸ் என்கிற அடிச்சட்டம், பிரேக், எஞ்சின், கடைசியாகக் கேபின் என்று போக வேண்டிய வரிசை அப்படியே தலைகீழாகிவிடுகிறது.

புக்கைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பது

"புக் இருக்கு சார், ஓனர் ஊர்ல இருக்கார், வந்ததும் வாங்கித் தரேன்." இந்த வார்த்தையைக் கேட்டதும் பணம் கொடுக்க நீட்டிய கையை மடக்கிவிடுங்கள். ஆர்.சி. புக் கையில் வராத லாரி உங்களுக்கு லாரி இல்லை, இரும்பு. எங்களிடம் ஒரு புரோக்கர் இப்படித்தான் சொன்னார். ஓனர் காலமாகி வருடக்கணக்கு ஆகியிருந்தது, வாரிசுகள் மூன்று ஊரில். அந்த வண்டியை விட்டுவிட்டு வேறு தேடினோம்.

புக் கைக்கு வந்ததும் பொறுமையாக உட்கார்ந்து படியுங்கள். ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இன்னும் அதில் இருக்கிறதா? கடன் எப்போதோ அடைபட்டிருக்கும், ஆனால் ஃபாரம் 35 போட்டு நீக்கியிருக்க மாட்டார்கள். கம்பெனியே மூடிப்போயிருந்தால் அந்த ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் அலைய வேண்டும். சாலை வரி பாக்கி, அபராதச் சலான், பெர்மிட்டை ஒப்படைத்தார்களா இல்லையா, இதையெல்லாம் பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள். பழைய புக்குகளில் சிலவற்றின் விவரம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்காது. அதை ஏற்றிய பிறகுதான் பெயர் மாற்றமே நடக்கும். பதிவு ரத்தான வண்டியா என்பதையும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

சேஸிஸ் நம்பரை நீங்களே பென்சிலால் தேய்த்துத் தாளில் எடுங்கள். புக்கோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எஞ்சின் நம்பரையும் பாருங்கள். நாற்பது வருடம் ஓடிய லாரியில் எஞ்சின் மாறியிருப்பது சகஜம், அந்த மாற்றம் புக்கில் ஏறாமல் இருப்பதும் சகஜம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதில் கறாரானது. புக்கில் இருப்பது ஒன்று, வண்டியில் இருப்பது வேறொன்று என்று இருக்கக் கூடாது.

'விண்டேஜ் வண்டி என்று பதிந்துவிடலாம்' என்ற நினைப்பும் வேண்டாம். 2021-இல் வந்த அந்த விதி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, உருமாறாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கானது. பின்னால் இரட்டைச் சக்கரம் வைத்த 1980-களின் சரக்கு லாரிக்கு அதை நம்பிப் பணம் போடாதீர்கள். பொழுதுபோக்குக்கு வைத்திருந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு லாரி சரக்கு வண்டிதான். வருடா வருடம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்க வேண்டும், ரோட்டில் இறக்கினால் இன்சூரன்ஸ் வேண்டும். வண்டி வயது ஏற ஏற எஃப்.சி. கட்டணமும் ஏறும்.

லைசென்ஸ் விஷயமும் இதோடு சேர்ந்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டியைக் கார் ஓட்டும் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது. டாட்டா 407 அதற்குள் வந்துவிடும். 1980-களில் வந்த ஸ்வராஜ் மஸ்டா, டி.சி.எம். டொயோட்டா போன்ற சிறிய வண்டிகளும் அந்த வகைதான். காமெட் வராது, அதற்கு ஹெவி லைசென்ஸ் வேண்டும். முதல் முறை இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது சின்ன வண்டிதான். பார்ட்ஸ் கிடைக்கும், தெருவில் திருப்பலாம், ஒரு சக்கரத்தை ஒரு ஆள் தனியாகத் தூக்கிவிடலாம்.

இடம் பார்க்காமல் வண்டியைக் கொண்டுவருவது

நீளத்தையும் அகலத்தையும் அளக்கிறோம், உயரத்தை மறந்துவிடுகிறோம். முன்னால் சாய்த்துத் தூக்கும் கேபின் என்றால், தூக்கினால் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். நண்பர் ஒருவர் அம்பத்தூரில் ஷெட் பிடித்து வண்டியை உள்ளே விட்ட பிறகுதான், பாதி தூக்கியதுமே கேபின் கூரைச் சட்டத்தில் இடிப்பது தெரிந்தது. ஒவ்வொரு முறையும் வண்டியை வெளியே தள்ளித்தான் எஞ்சினில் கை வைக்க முடிந்தது.

கேபினைத் தூக்குமுன் உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிடுங்கள். சீட்டுக்குப் பின்னால் மறந்து வைத்த ஜாக்கி ராடு நேராக வந்து முன்கண்ணாடியில்தான் விழும். தூக்கியதும் தாங்கு கம்பியை மாட்டி, லாக் விழுந்ததா என்று கையால் ஆட்டிப் பார்த்த பிறகுதான் தலையை உள்ளே நீட்ட வேண்டும். இதில் அவசரமே கூடாது.

என்ன லோடு அடித்தது என்று கேட்காமல் விடுவது

விலை பேசும்போது 'எத்தனை கிலோமீட்டர்' என்று கேட்கிறார்கள். நாற்பது வருட லாரியில் மீட்டர் எப்போது நின்றது என்று யாருக்கும் நினைவிருக்காது. கேட்க வேண்டியது: இந்த வண்டி என்ன லோடு அடித்தது? உப்பு, மீன், ஈர மணல் என்று பதில் வந்தால் சேஸிஸுக்கு அடியில் படுத்துவிட்டுத்தான் மறுபேச்சு. மரக்காணம், தூத்துக்குடி உப்பு ஏற்றிய வண்டிகளில், இரண்டு தகடு ஒன்றின் மேல் ஒன்று சேரும் இடத்தில் துரு உள்ளே வளர்ந்து தகட்டையே உப்ப வைத்திருக்கும். மேலே கறுப்பு பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும், அரித்த இரும்பு சொத்தென்று கேட்கும். பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் பிராக்கெட்டுகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா பாருங்கள். ரிவெட்டின் கீழே சிவப்பாகக் கோடு வழிந்திருந்தால் அந்த ரிவெட் ஆடுகிறது என்று அர்த்தம். விரிசலைக் கண்டதும் தெருமுனைக் கடையில் மேலாக ஒரு வெல்டிங் அடித்துவிடுவார்கள். வேண்டாம். சேஸிஸின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் குறுக்கே வெல்டிங் அடிப்பதோ துளை போடுவதோ, லோடு தாங்கும் இடத்திலேயே புது விரிசலுக்கு வழி விடுவதுதான். லாரி சேஸிஸ் மட்டுமே பார்க்கும் மேஸ்திரி யாராவது கிடைப்பார், அவரிடம் விடுங்கள். சுரண்டும் வேலைக்கு ஆள் வைத்தால், சேஸிஸ் நம்பர் இருக்கும் இடத்தைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டு கிரைண்டரைக் கையில் கொடுங்கள். அந்த நம்பர் அழிந்தால் நீங்கள் சேர்த்து வைத்த அத்தனை காகிதமும் வீண்.

'ஒரிஜினல் கேபின்' தேடி அலைவது

இதுதான் எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம். வெளிநாட்டுப் பழைய லாரிகளைப் பார்த்துப் பழகியவர்கள், கம்பெனியிலிருந்து வந்த கேபின்தான் அசல் என்று நினைக்கிறார்கள். நம் ஊரில் அந்தக் காலத்து லாரிகளில் மிகப் பலவும் கம்பெனி கேட்டை விட்டுச் சேஸிஸாகத்தான் வெளியே வந்தன. முன்னால் ஒரு முகத் தகடு, ஸ்டியரிங், டிரைவர் உட்கார ஏதோ ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அப்படியே பாடி கட்டும் ஊருக்கு ஓட்டிப் போவார்கள். நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ ஒரு தச்சரும் டிங்கரும் சேர்ந்துதான் கேபினைக் கட்டினார்கள். மரச்சட்டம், மேலே தகடு, கதவு, கீல், கொக்கி எல்லாம் கைவேலை. அதனால் உங்கள் வண்டியில் இருக்கும் அந்தக் கேபினே அசல். அதே மாதிரி இன்னொன்று கிடையாது.

இது தெரியாமல் நாங்கள் செய்த தவறை இன்னும் நினைத்து வருந்துகிறேன். கதவுகளைக் கழற்றியபோது, துருப்பிடித்த கீல்களைத் தனி டப்பாவில் போட்டு மூலையில் வைத்தோம். ஷெட்டைச் சுத்தம் செய்த பையன் குப்பை என்று நினைத்துக் காயலாங்கடையில் போட்டுவிட்டான். அவன் மேல் தப்பில்லை, நாங்கள் சொல்லவில்லை. பழைய வண்டி பார்ட்ஸ் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு கடை விடாமல் கேட்டோம். கடைசியில் ஒரு பாய், "இது கடையில வர்ற சாமான் இல்ல தம்பி, யாரோ பட்டறையில அடிச்சது. சாம்பிள் இருந்தா லேத்துல செஞ்சுடலாம்" என்றார். சாம்பிள்தான் போய்விட்டதே. கதவில் மிச்சமிருந்த துளைகளை அளந்து, அட்டையில் வெட்டிப் பார்த்து, நாலு கீல் செய்து முடிக்க ஒன்றரை மாதம் ஆனது.

ஆகவே கழற்றும் ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள், கவரில் போட்டுப் பெயர் எழுதுங்கள், எவ்வளவு மோசமாக இருந்தாலும் புதியது மாட்டி ஓட்டிப் பார்க்கும்வரை தூக்கிப் போடாதீர்கள். மரச்சட்டத்தை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் கரையானோ ஈரமோ வேலையைக் காட்டியிருக்கிறது. அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும், மொத்தத்தையும் பிரித்துப் போட வேண்டியதில்லை.

வண்டி வந்த அன்றே ஸ்டார்ட் போடுவது

எல்லோருக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்க ஆசை. புது பேட்டரியை மாட்டி செல்ஃப் அடித்துவிடுகிறார்கள். வருடக்கணக்கில் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங்குகள், சிலிண்டரின் உள்சுவரான லைனரோடு ஒட்டியிருக்கலாம். முதலில் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு கையால் சுற்றிப் பாருங்கள். எஞ்சின் ஆயிலை மாற்றுங்கள். பழைய டேங்கில் சேறுதான் இருக்கும், தனிக் கேனிலிருந்து டீசல் கொடுங்கள்.

ரொம்ப நாள் நின்ற டீசல் பம்ப் உள்ளே ஒட்டிக்கொண்டு திறந்தபடியே நிற்கலாம். அப்படி நின்றால் ஸ்டார்ட் ஆனதும் எஞ்சின் கட்டுக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போகும். சாவியைத் திருப்பினால் நிற்காது. இந்தப் பழைய எஞ்சின்களை நிறுத்துவது டீசலை வெட்டும் ஸ்டாப்பர் கம்பி, அதுவும் அந்த நேரத்தில் வேலை செய்யாது. அதனால் ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, காற்று போகும் வாயை முழுசாக மூடும் கனமான பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். துணி கூடாது, கை கூடவே கூடாது, உள்ளே இழுத்துவிடும். பம்பை முன்கூட்டியே கழற்றிக் கொண்டுபோய் டெஸ்ட் பெஞ்சில் போட்டுப் பார்த்துவிட்டால் இந்தப் பயமே இல்லை.

சக்கரத்தை லேசாக எடுத்துக்கொள்வது

9.00-20 மாதிரி அளவுள்ள டியூப் டயர் மாட்டும் பழைய சக்கர டிஸ்க்குகளில் பக்கவாட்டில் ஒரு லாக் ரிங் இருக்கும். காற்று ஏறும்போது டயரைப் பிடித்து வைப்பது அதுதான். துருப்பிடித்து, சரியாக உட்காராத ரிங் காற்றடிக்கும்போது தெறித்தால் எதிரே இருப்பவர் பிழைப்பது கஷ்டம். வீட்டு கம்ப்ரசரை வைத்துக்கொண்டு இதை முயற்சி செய்யாதீர்கள். லாரி பஞ்சர் கடையில் இரும்புக் கூண்டுக்குள் வைத்தோ, குறைந்தது கனமான சங்கிலி சுற்றியோ அடிப்பார்கள். அங்கே கொடுங்கள், நீங்களும் எதிரே நிற்காதீர்கள். பட்டன் (ரோட்டில் படும் மேடு) நன்றாக இருக்கிறது என்று பழைய டயரை நம்பவும் வேண்டாம். பக்கச் சுவரில் இருக்கும் நாலு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்.

பிரேக்கைப் பற்றி ஒன்றே ஒன்று. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள்.

மழைக்காலத்தில் பெயின்ட்

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சென்னையில் திறந்த ஷெட்டில் பெயின்ட் வேலையே வேண்டாம். காற்றில் இருக்கும் ஈரம், பெயின்ட்டுக்கு அடியில் தடவும் பட்டிக்குள் புகுந்துகொள்ளும், அடுத்த கோடையில் கொப்பளமாக வெளியே வரும். பட்டி தடவுவதற்கு முன்னால் துருவை வெட்டி எடுத்துத் தகடு வைத்து அடைத்தார்களா என்று நீங்களே நின்று பாருங்கள். எண்ணூர், திருவொற்றியூர் மாதிரி கடலோரத்தில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால், கேபின் தகட்டின் உள்பக்கத்துக்கும் பிரைமர் கட்டாயம்.

பழைய பெயின்ட்டைச் சுரண்டும் முன்னால் ஒரு நாள் ஒதுக்குங்கள். எங்கள் வண்டியின் நெற்றியில் மூன்று அடுக்கு பெயின்ட்டுக்கு அடியில் 'முருகன் துணை' என்ற எழுத்து மங்கலாகத் தெரிந்தது. ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போனோம். 'மு'வின் சுழியில் ஒரு சின்ன மயிலிறகு வளைந்திருந்தது. டிரேசிங் பேப்பரை ஒட்டிப் பென்சிலால் அப்படியே எடுத்துக்கொண்டோம். ஸ்டிக்கர் வெட்டலாம் என்று ஒருவர் சொன்னார், நாங்கள் கேட்கவில்லை. மூலக்கடைப் பக்கம் இன்னும் பிரஷ் பிடிக்கும் ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்து அந்தத் தாளைக் கொடுத்தோம். அவர் அதைத் தகட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, "இறகை முதல்ல போட்டுக்கிறேன், எழுத்து அப்புறம்" என்று சொல்லி மஞ்சள் டப்பாவைத் திறந்தார்.